தெருவைத் திருத்த அனுமதி மறுக்கலாமா?

(சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது சாக்கடை, தெருவிளக்கு, சிமெண்டுச் சாலை. "இதற்கா ஒரு கூட்டம்?" என்று சிலர் கேட்கக்கூடும். மழை பெய்த மறுநாள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வேலைக்குப் போகும் தாய்மார்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறோம். ஆந்திரத்தில் நம்மவர் பலர் குடியிருக்கும் ஓர் ஊர். எந்த ஊர் என்பது இங்கே தேவையில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை. ஒரு சந்து, நாற்பது வீடு. முக்கால்வாசிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். கட்டட வேலை, மாங்கூழ் ஆலை வேலை, ஓட்டல் வேலை, பூக்கட்டு. அந்தச் சந்தில் சாக்கடை இல்லை, விளக்கும் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப் போன மக்கள், வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் வசூலித்து, "நீங்கள் செய்யாவிட்டால் நாங்களே செய்துகொள்கிறோம், அனுமதி மட்டும் கொடுங்கள்" என்று நகராட்சிக்கு மனு எழுதினார்கள். மனுவில் நான்கு கோரிக்கை. சந்தை ஓரடி உயர்த்திச் சிமெண்டு போடவேண்டும். சாக்கடை வெட்டி மேலே பலகைக்கல் மூடிப் பெரிய கால்வாயில் சேர்க்கவேண்டும். மூன்று விளக்குக் கம்பம் வேண்டும். சந்து முனையில் ஒரு வளைவு கட்டி அதன் கீழே ஒரு தலைவருக்குச் சிலை வைக்கவேண்டும்.

நான்கு மாதம் கழித்து வாய்மொழியாகப் பதில் வந்தது. "பர்மிஷன் லேது." அவ்வளவுதான். காகிதம் இல்லை, காரணம் இல்லை.

மக்கள் கொதித்துப் போனார்கள். "நாம் தமிழர்கள் என்பதால்தானே?" என்று சங்கத்துக்கு வந்து கேட்டார்கள். மறியலுக்குத் தேதி குறிக்கச் சொன்னார்கள். நாங்கள் தேதி குறிக்கவில்லை. முதலில் போய்ச் சந்தைப் பார்த்தோம், பக்கத்துத் தெருவையும் பார்த்தோம், மேஸ்திரி ஒருவரை அழைத்து மட்டம் பிடித்துப் பார்த்தோம். பார்த்ததைச் சொன்னால் இங்கே உள்ள சிலருக்கே கோபம் வரும். மறுத்ததில் பாதி சரி. பாதி பெரும் தவறு. எந்தப் பாதி எது என்று பிரித்து அறியாமல் நாம் தெருவில் இறங்கினால், தவறு செய்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்; நாம் அகப்பட்டுக்கொள்வோம்.

தெரு யாருடையது என்பதிலிருந்து தொடங்குவோம். திருப்பதி 1886இல் நகராட்சியானது, சித்தூர் 1917இல். இரண்டும் அன்று மதராஸ் மாகாணம். 1920ஆம் ஆண்டின் மதராஸ் மாவட்ட நகராட்சிச் சட்டம்தான் வேலூருக்கும் சேலத்துக்கும் போல இந்த ஊர்களுக்கும் சட்டமாக இருந்தது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. பிறகு 1965இல் ஆந்திரம் தனக்கென்று நகராட்சிச் சட்டம் இயற்றிக்கொண்டது. மாநிலம் மாறினாலும் ஒரு வேறுபாடு மாறவில்லை. தெருவில் இரண்டு சாதி உண்டு. (மனிதரில் இருப்பது போதாதென்று!) ஒன்று பொதுத் தெரு, இன்னொன்று தனியார் தெரு. மனை விற்றவன் கயிறு பிடித்து வழி விட்டுவிட்டுப் போன இடம் பெரும்பாலும் தனியார் தெருவாகவே காகிதத்தில் கிடக்கிறது. நாம் ஐம்பது ஆண்டு நடந்தாலும் கணக்கில் அது நகராட்சியின் தெரு ஆகிவிடாது. "உங்கள் தெரு எங்கள் பதிவேட்டில் இல்லை" என்ற பதிலை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்!

ஆனால் அந்த 1920ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியவர்களுக்கே இந்தச் சங்கடம் தெரிந்திருந்தது. தனியார் தெருவைச் சமன்செய்து, கல் பாவி, சாக்கடை வைத்து, விளக்கு வைக்கும்படி நகராட்சி அதன் உரிமையாளர்களுக்கு உத்தரவிடலாம். அப்படிச் செய்து முடித்த பின் உரிமையாளர்களில் பெரும்பான்மையோர் கேட்டால் அதைப் பொதுத் தெருவாக அறிவித்தே ஆகவேண்டும் என்று எழுதி வைத்தார்கள். "செய்யலாம்" என்று விடவில்லை. இதில் நமக்கு ஒரு முள் இருக்கிறது. கேட்கும் உரிமை உரிமையாளருக்கு. வாடகைக்கு இருப்பவனுக்கு அந்தப் பிரிவில் வாய் இல்லை. ஆகவே மனுவில் முதல் கையெழுத்து வீட்டுக்காரருடையதாக இருக்கவேண்டும். வீட்டுக்காரர் தெலுங்கரானாலும் தமிழரானாலும் அவரை இழுத்துக்கொண்டு போகாமல் நாம் மட்டும் போனது முதல் பிழை.

இப்போது அந்த நான்கு கோரிக்கைக்கு வருவோம்.

வளைவும் சிலையும். இதை மறுத்தது சரி. மறுக்காமல் இருந்திருந்தால்தான் தவறு. கேரளத்தில் நெய்யாற்றின்கரையில் மறைந்த ஒரு தலைவருக்கு நெடுஞ்சாலைச் சந்திப்பில் சிலை வைக்க மாநில அரசு அனுமதித்த விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2013 ஜனவரி 18ஆம் தேதி கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. பொதுச் சாலையிலோ நடைபாதையிலோ சிலைக்கோ வேறு எந்தக் கட்டுமானத்துக்கோ இனி எந்த மாநில அரசும் அனுமதி தரக்கூடாது. அதே உத்தரவில் அடுத்த வரிதான் நமக்கு முக்கியம். தெருவிளக்கு, உயர்கோபுர விளக்கு, மின்சாரம், போக்குவரத்து, தெருவின் மேம்பாடு, பொது வசதி ஆகியவற்றுக்கு இந்தத் தடை பொருந்தாது. அதாவது, ஒரே உத்தரவு சிலைக்குக் கதவை அடைக்கிறது, விளக்குக்குத் திறந்து வைக்கிறது. நாம் சிலையையும் விளக்கையும் ஒரே மனுவில் கட்டிப் போட்டோம். ஓவர்சியருக்கு வேலை சுலபமாகிவிட்டது. சிலையைக் காட்டி விளக்கையும் சேர்த்து மறுத்துவிட்டார்.

சந்தை ஓரடி உயர்த்துவது. இதில்தான் நாங்கள் தலைகுனிந்தோம். மேஸ்திரி மட்டம் பிடித்தபோது தெரிந்தது: நம் சந்து ஓரடி உயர்ந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் பின்பக்கத்துச் சந்தில் இறங்கும். அங்கே இருப்பவர்கள் யார்? நம்மைப் போன்ற கூலிக்காரர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், சில முஸ்லிம் குடும்பங்கள். அவர்கள் வீட்டு வாசற்படி நம்முடையதைவிடத் தாழ்வு. 2021 நவம்பரில் திருப்பதியில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். சேஷாசல மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் தெருத்தெருவாகப் புகுந்தது. ராயலசெருவு ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்று கிராமங்களையே காலி செய்ய வேண்டி வந்தது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு தெருவின் மட்டத்தை மாற்றுவது அந்தத் தெருக்காரர்கள் மட்டும் முடிவு செய்யும் காரியமல்ல. அதை ஒரு எஞ்சினியர் தடுத்தால் அவரைத் தமிழ்ப் பகைவர் என்று சொல்லலாகாது. ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு விஷயமும் இப்படியே. நீர் ஓடும் பாதையில் குடியிருக்கும் நம் மக்களுக்கு மாற்று இடம் கேட்டுப் போராடுவோம். அங்கேயே சிமெண்டு ஊற்றுங்கள் என்று கேட்பது நம் பிள்ளைகளை வெள்ளத்தில் வைப்பதாகும்.

சரி, அவர்கள் பக்க நியாயம் இத்தோடு முடிந்தது.

சாக்கடையையும் விளக்கையும் மறுத்ததற்கு என்ன நியாயம்? நாங்கள் நேரில் போய்க் கேட்டபோது மேசைக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு பதில் வந்தது. "நிதி இல்லை" என்பது ஒன்று. "அங்கே வசதி இல்லை என்று தெரிந்துதானே குடிவந்தீர்கள்?" என்பது மற்றொன்று.

இந்த இரண்டு பதிலும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கோர்ட்டில் தோற்ற பதில்கள் என்பதை ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்று ஓர் ஊர். அங்கே நியூ ரோடு என்ற தெருவில் திறந்த சாக்கடை. கழிப்பறை இல்லாத குடிசைவாசிகள் வேறு வழியின்றித் தெருவோரத்தைப் பயன்படுத்தவேண்டிய நிலை. சாராய ஆலையின் கழிவு நீர் தெருவில் ஓட்டம். மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். ஆறு மாதத்தில் திட்டம் போட்டுச் சரிசெய்யும்படி அவர் நகராட்சிக்கு உத்தரவிட்டார். நகராட்சி சாக்கடை வெட்டும் செலவுக்குப் பதிலாக வக்கீல் செலவு செய்தது! சுப்ரீம் கோர்ட்டு வரை போய் அது சொன்ன வாதங்கள் இவைதாம்: பணம் இல்லை, இவர்கள் நிலைமை தெரிந்தே வீடு வாங்கிக் குடிவந்தவர்கள். 1980 ஜூலை 29ஆம் தேதி நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். நிதி இல்லை என்று சொல்லி நகராட்சி தன் சட்டக் கடமையிலிருந்து நழுவ முடியாது. சாக்கடை அமைக்கவேண்டும், கழிப்பறை கட்டவேண்டும், ஆலைக் கழிவைத் தடுக்கவேண்டும், அதற்குக் காலக்கெடுவும் இதோ என்று கட்டளையிட்டார். அந்த மக்கள் அன்று பிடித்துக்கொண்ட கயிறு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 152ஆம் பிரிவாக இருக்கிறது. எண் மாறியது, கயிறு அறுந்துபோகவில்லை. இதற்கு வீட்டுப் பத்திரம் தேவையில்லை, வாடகைக்காரனும் போகலாம்.

எழுத்தில் தராத மறுப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். அதே கிருஷ்ணய்யர் 1977இல் மொஹிந்தர் சிங் கில் வழக்கில் இன்னொரு விதியையும் வகுத்திருக்கிறார். ஓர் அதிகாரி உத்தரவில் எழுதிய காரணத்தை வைத்துத்தான் அந்த உத்தரவை எடை போடவேண்டும். பிற்பாடு கோர்ட்டில் வந்து புதிய காரணங்களை ஒட்டுப்போடக் கூடாது. வாய்ச்சொல்லுக்கு எடையே கிடையாது என்பதால்தான் அவர்கள் வாயால் சொல்கிறார்கள். பத்து ரூபாய் கட்டி 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, "எங்கள் மனு இன்ன தேதியிட்டது, அதன் மேல் எடுத்த நடவடிக்கை என்ன?" என்று ஒரே வரி கேளுங்கள். முப்பது நாளில் காகிதம் வரவேண்டும்.

"தமிழர் என்பதால்தானே?" என்ற கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டு நாங்கள் போகப்போவதில்லை. அப்படிப்பட்ட மனம் சில மேசைகளில் இருக்கிறது, பட்டவர்கள் நாம். அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியேறி வாழும் உரிமையைத் தருகிறது. 15ஆம் பிரிவு, பொதுச் சாலைகளைப் பயன்படுத்துவதில் பிறந்த ஊரைக் காட்டி எவரையும் தடுக்கக்கூடாது என்கிறது. 350ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறையைச் சொல்லி எழுதும் மனுவை மாநிலத்திலோ நாட்டிலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம். தமிழில் எழுதிய மனு செல்லாது என்று சொல்ல எந்தக் குமாஸ்தாவுக்கும் அதிகாரமில்லை. ஆயினும் நாங்கள் சொல்வது: தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. தெலுங்கில் எழுதித் தரப் பக்கத்துச் சந்தில் ஆள் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து எழுதினால் மனுவில் நூறு கையெழுத்து இருக்கும்.

இதைச் சொல்லும்போது பம்பாய் நினைவுக்கு வருகிறது. 1961இல் வறட்சியால் வேலை இழந்து சேலத்திலிருந்து பம்பாய்க்குப் போன ஒரு நிலமற்ற கூலித் தொழிலாளி. தினம் இருபத்துமூன்று ரூபாய்க் கூலி. நடைபாதையில் பிளாஸ்டிக் கூரையின் கீழ் மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். அந்த இடத்துக்கும் ஒரு ரௌடி 2,500 ரூபாய் பிடுங்கியிருந்தான். 1981 ஜூலை மாதம், மழைக்காலத்தில், மாநகராட்சி வந்து கூரையைப் பிய்த்தெறிந்து குடும்பத்தையே சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டது. அவர் திரும்பவும் பம்பாய்க்கே வந்தார். வேலை அங்கேதானே இருந்தது! அவரைப் போன்றவர்கள் தொடுத்த வழக்கில் 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. இன்றும் எல்லோரும் அந்த வரியை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். ஆனால் அதே தீர்ப்பு, நடைபாதை நடப்பவர்களுக்கு உரியது, முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. மழை முடியும் வரை, அக்டோபர் 31 வரை, தவணை கொடுத்தது. அவ்வளவே. தெருவின் மேல் நமக்கு உள்ள உரிமைக்கும் எல்லை உண்டு என்பதற்கு நம் சேலத்து மனிதர் கொடுத்த விலை அது.

திருப்பதிக் கோயில் வாசல்களிலும் பஸ் நிலையத்திலும் பூவும் பழமும் விற்கும் தாய்மார்களுக்கு அந்த எல்லை கொஞ்சம் விரிந்திருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, முப்பது நாள் அறிவிப்பில்லாமல் உங்களை இடம் மாற்றக்கூடாது. நகர வியாபாரக் குழுவில் நூற்றுக்கு நாற்பது இடத்துக்குக் குறையாமல் வியாபாரிகளுக்கு உரியது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. "சாலை மேம்பாடு" என்ற பெயரில் கூடையைத் தூக்கி எறிய வருகிறவரிடம் அறிவிப்புக் காகிதத்தைக் கேளுங்கள்.

நாமே பணம் போட்டுத் தெருவைச் செய்துகொள்வது நல்லதா என்று ஒரு தோழர் கேட்டு அனுப்பியிருக்கிறார். இதில் சங்கத்துக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. கராச்சியில் ஒராங்கி என்ற பெரிய குடிசைப் பகுதி. 1971 போருக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து ஓடிவந்த ஏழைகள் பெருமளவில் குடியேறிய இடம். 1980இல் அக்தர் ஹமீத் கான் என்ற பெரியவர் அங்கே போய், சந்து சந்தாக மக்களைக் கூட்டினார். ஒரு சந்துக்கு இருபது முப்பது வீடு. அவர்களே பணம் போட்டு, அவர்களே தலைவரைத் தேர்ந்து, அவர்களே பாதாளச் சாக்கடை போட்டார்கள். கான் ஒரு கோடு கிழித்தார். வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் பொறுப்பு. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெருங்கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. முதல் பாதியை மக்கள் முடித்துக் காட்டியதால் இரண்டாம் பாதியைக் கேட்க அவர்களுக்கு வாய் வந்தது. அந்தக் கோடு இல்லாமல் நாமே எல்லாவற்றையும் செய்துகொண்டால், வரியையும் கட்டி வேலையையும் செய்த ஏமாளிகளாவோம். அனுமதி என்ற சொல்லே அங்கே நமக்கு எதிராகத் திரும்பும். அவர்கள் செய்யவேண்டியதை நாம் செய்ய அவர்களிடமே கெஞ்சுவதாக ஆகும்.

பணம் உண்மையிலேயே இல்லையா? 2023 செப்டம்பர் 18ஆம் தேதி திருப்பதியில் ஸ்ரீநிவாச சேது மேம்பாலம் திறக்கப்பட்டது. செலவில் 67 பங்கு தேவஸ்தானம், 33 பங்கு ஸ்மார்ட் சிட்டி. யாத்திரிகர் நெரிசல் குறைந்தது, நல்லதே. அடுத்த மாதமே தேவஸ்தானம் தன் ஆண்டு நிதியில் நூற்றுக்கு ஒரு பங்கை ஊர் வளர்ச்சிக்குக் கொடுக்கத் தீர்மானித்தது. பக்தர் பணத்தைத் தெருவுக்குச் செலவிடலாமா என்று எதிர்ப்பு எழுந்தது. மாநில அரசே அதை ஏற்கவில்லை. மாநகராட்சிப் பணிகளுக்குத் தேவஸ்தான நிதியை விடுவிப்பதை டிசம்பரில் ஆந்திர உயர்நீதிமன்றமும் இடைக்காலமாகத் தடுத்தது. உண்டியல் காசு எதற்கு என்பதில் பக்தர்களின் ஆட்சேபத்தை நாம் இழிவாகப் பேசக்கூடாது; அதில் நியாயம் உண்டு. நாம் கவனிக்கவேண்டியது வேறு. தெருவும் சாக்கடையும் கோயில் தரும் கொடையாக இருந்தால் ஒரு நாள் வரும், ஒரு நாள் நிற்கும். அவை நகராட்சியின் கடமையாக இருந்தால், வீட்டுவரிப் பணத்திலிருந்தும் மாநில நிதியிலிருந்தும் வந்தே ஆகவேண்டும். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சாலை, குடிசைப் பகுதி மேம்பாடு, தெருவிளக்கு எல்லாவற்றையும் நகராட்சிகளுக்கு உரிய வேலைகளின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. வாடகை கொடுக்கும் நாமும் வீட்டுக்காரர் வழியாக அந்த வரியைக் கட்டுகிறவர்கள்தாம்.

அந்தச் சந்து மக்களோடு மறுபடியும் உட்கார்ந்து நாங்கள் எடுத்த முடிவைச் சொல்கிறோம். பழைய மனுவைத் திரும்பப் பெறுகிறோம். புதிய மனுவில் சாக்கடையும் மூன்று விளக்கும் மட்டும். மட்டம் எவ்வளவு என்பதை நகராட்சி எஞ்சினியரே இரண்டு சந்தையும் பார்த்துக் குறிக்கட்டும் என்று எழுதுகிறோம். பின்சந்துத் தெலுங்குக் குடும்பங்களும் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள். முதலில் அவர்கள் நம்மை உள்ளே விடவில்லை, தண்ணீரைத் திருப்பிவிடப் பார்த்தவர்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாவது முறை நம் தாய்மார்கள் போன பிறகுதான் பேச்சு நடந்தது. வீட்டுக்காரர்களில் பதினொரு பேர் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்து மனு நாளில் ஒரு பிரதி. ஒரு மாதத்தில் எழுத்தில் பதில் வராவிட்டால் 152ஆம் பிரிவு.

வளைவுக்கும் சிலைக்கும் என்று ஒதுக்கிய பணத்தைப் பற்றி மட்டும் இன்னும் தகராறு நடக்கிறது. இளைஞர்கள் சிலர் அதை வைத்திருக்கவேண்டும் என்கிறார்கள். கணக்குப் புத்தகம் இங்கே மேசை மேல் இருக்கிறது. பணம் கொடுத்தவர்கள் கூட்டம் முடிந்ததும் வந்து அவரவர் பெயருக்கு எதிரே, சாக்கடைக்கு மாற்றவா, திருப்பித் தரவா என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போகவும்.